காய்ச்சல் இல்லாத கண்ணாடிக்கு ஈரத்துணி

மதிப்பும் அன்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கே நான், என் மனைவி, பையன், உங்கள் மகள் ஆகிய நால்வரும் நலம். என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே சம்பந்தி அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல்லவும். விட்ட பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது. நீங்களும் உங்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து மேற்கொண்டு படிக்கவும். இதைச் சம்பந்தி என்கிற முறையில் சொல்லவில்லை. காய்ச்சல் வார்டில் தலை நரைக்கிறவரை வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண் நர்ஸ் என்கிற முறையில் சொல்கிறேன்.

மாத்திரை போட்டாயிற்று என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத ஆரம்பத்தில் நீங்கள் போனில் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தீர்கள். "சம்பந்தி, நான் சொன்னா அவ கேக்க மாட்டா, அப்பா பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பா. நீங்க சொன்னா மரியாதைக்காவது கேப்பா. பெயிண்ட் ஃபேக்டரியில அந்த நாத்தம் பிடிச்ச ரூம்ல உக்காந்து, பத்திக்கிற சாமானை அவ அளந்தது போதும். இந்த மாசக் கடைசிக்குள்ள அந்த ரூமை விட்டு அவளை வெளிய கொண்டு வந்துடுங்க. இல்லேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். தீ இன்சூரன்ஸ் சர்வேயராக எத்தனை எரிந்த கிடங்குக்குள் நீங்கள் நடந்திருப்பீர்கள், என்னவெல்லாம் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? வேலையில் கடைசியாக, எரிந்த பெயிண்ட் கிடங்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் சாப்பிடாமல் படுத்ததைச் சம்பந்தி அம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதனால் நானும் யோசிக்காமல், "கவலையை விடுங்க, இனி அது என் பொறுப்பு" என்று மார்தட்டிவிட்டேன். அந்தப் பொறுப்பு என்ன ஆயிற்று என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

திட்டமெல்லாம் நன்றாகத்தான் போட்டேன். மருமகள் காலையில் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு போவாள், மத்தியானம் ஆறிப்போனதைச் சாப்பிடுவாள். நான் பெரிய மனது பண்ணி, "இனிமே கேரியரை நான் சூடா கொண்டு வரேம்மா, எனக்கும் நடந்த மாதிரி இருக்கும்" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். என் மனைவிதான் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வாங்கன்னா முழங்கால் வலிக்குது, ஃபேக்டரி வரைக்கும் நடக்க மட்டும் வலிக்காதா?" என்றாள். உள்ளே நுழைய வேண்டும், அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வேலை தேவையாம்மா?" என்று மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் நாள் வாசலில் வாட்ச்மேன் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வகையில் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய மனிதர். நீண்ட வராந்தாவின் கடைசியில் அவள் அறை. ஏசி ஓடவில்லை, ரிப்பேர். காற்றை வெளியே இழுக்கிற விசிறி மட்டும் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. வியர்வை எனக்குக் காதோரம் வழிந்தது. நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி லேசாக ஒரு வாசனை. ஆகா, இரண்டு குறை இப்போதே கிடைத்துவிட்டது, ஏசி இல்லை, நாற்றம் உண்டு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் சம்பந்தி, அவள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குடுவை, உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதன் கழுத்து நீண்டு மேலே போய் ஒரு கருவியில் முடிகிறது, அந்தக் கருவியில் நம்பர் எரிகிறது. முழங்கை வரை கையுறை, முகத்துக்கு மேல் கண்ணாடித் தடுப்பு. புகை புகையாகக் கிளம்புகிற ஏதோ ஒன்றை ஒரு பிளாஸ்கில் ஊற்றி, அதற்குள் குடுவையை மெதுவாக இறக்கினாள். திரவம் அப்படியே உறைந்து கல்லாகிவிட்டது. பம்பைப் போட்டு மேலே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தாள். மறுபடி உருக விட்டாள். உருகும்போது உள்ளேயிருந்து குமிழ் குமிழாக வந்தது. "பாத்தீங்களா மாமா, எவ்வளவு காத்து உள்ள ஒளிஞ்சிருக்கு! இதை விட்டுட்டா நம்பர் பொய் சொல்லும்" என்றாள். மறுபடி உறைய வைத்தாள், உறிஞ்சினாள், உருக்கினாள். குமிழ் வருவது நிற்கும்வரை விடவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர்கள் கைகழுவுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பொறுமை அவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. எனக்குக் கேரியரைக் கீழே வைக்கவே மறந்துபோயிற்று.

"இதுல என்னம்மா அளக்கறே?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

"எல்லா திரவத்துக்கும் வெளிய போயிடணும்னு ஒரு ஆசை இருக்கு மாமா. மூடி வச்சா உள்ளேயிருந்து மூடியை முட்டும். இந்தச் சூட்டுக்கு இவ்வளவு முட்டும்னு ஒரு அளவு இருக்கு. அதுக்குப் பேர் ஆவி அழுத்தம். அதைத்தான் அளக்கறேன்."

"தண்ணிக்குமா?"

"தண்ணி நம்ம சொந்தக்காரங்க மாதிரி. கிளம்பறேன் கிளம்பறேன்னு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசும். இந்தத் திரவம் செருப்பைக்கூட மாட்டாம ஓடிடும்."

நான் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் போன ஒருவர் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு வேலையை விடச் சொல்லும் பேச்சை எடுக்க முடியவில்லை. மறுநாள் எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கதைதான். தினமும் வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போவேன், அவள் எதையாவது காட்டுவாள், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன், காலி கேரியரோடு வீடு திரும்புவேன்.

இதற்கிடையில்தான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிய வந்தது. இந்தத் திரவத்தை ஒரு கம்பெனி இவர்களுக்குப் புதிதாக விற்க வந்திருக்கிறது. இருபத்தைந்து டிகிரியில் இதன் அழுத்தம் இவ்வளவு என்று அவர்களே தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பரை நம்பி, ஃபேக்டரியின் பின்பக்கம் இருக்கிற பழைய டேங்கில் இதை நிரப்பிவிடலாம் என்று மேலதிகாரி முடிவு பண்ணிவிட்டார். எதற்கெடுத்தாலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்பதால் அவருக்குச் சீக்கிரம் சார் என்றே பெயர். உங்கள் மகள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். போடுவாளா? நானே அளந்து பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அளந்தால் அவள் நம்பர் தாளில் இருப்பதைவிடக் கூட வருகிறது. கூட என்றால் பழைய டேங்கின் மூடி வெயில் காலத்தில் தாங்காது, புது டேங்க் கட்ட வேண்டும், வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சீக்கிரம் சார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு அவளை நிரந்தரமாக்குகிற உத்தரவும் அவர் மேஜையில்தான் கிடக்கிறது.

இனி என் பங்குக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.

அந்த அறைக்குள் எதையும் சாப்பிடக் கூடாது என்பது விதி. அவள் பக்கத்து அறைக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும். குடுவையைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் கூடாது. கூட வேலை பார்க்கிறவர் நீண்ட லீவில் போய்விட்டார். அதுவரை வராந்தாவில் போகிற வருகிற யாரையாவது கெஞ்சிக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுப் போவாளாம். "மாமா நர்ஸா இருந்தவர், என்னைவிட நல்லா பாத்துப்பார்" என்று சீக்கிரம் சாரிடம் சொல்லி அனுமதி வாங்கி, என்னைக் குடுவைக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்தாள். குடுவை ஒரு தண்ணீர்த் தொட்டியில் முங்கியிருக்கும். தொட்டியின் சூட்டை ஒரு மெஷின் இருபத்தைந்திலேயே பிடித்து வைத்திருக்கும். "எதையும் தொடாதீங்க மாமா. இந்த இருபத்தஞ்சு ஏறினா மட்டும் உடனே கூப்பிடுங்க. சூடு ஏறிச்சுன்னா எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சூடு ஏறினால் எல்லாம் போச்சு! ஒரு நர்ஸிடம் சொல்லக் கூடிய வார்த்தையா இது? நானும் இருபத்தைந்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. ஆனால் சார்ட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்புகிறவன் நல்ல நர்ஸ் இல்லை, நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக் கழுத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது! அறையே அப்படிப் புழுங்கும்போது கண்ணாடி வேறு எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பகீரென்றது. கீழே உடம்பு சாதாரணமாக இருக்கிறது, மேலே காய்ச்சல் அடிக்கிறது, பாவம் இந்தப் பெண்ணுக்கு இது தெரியவில்லையே! வார்டில் என்ன செய்வோம்? கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மடித்து, கண்ணாடியின் கழுத்தில் சுற்றிப் போட்டேன். வாங்கிப் போயிருந்த பேப்பரை மடித்து மெதுவாக வீசிக் கொடுத்தேன். எதையும் தொடாதே என்றாள். நான் தொடவில்லை சம்பந்தி, கைக்குட்டைதான் தொட்டது.

கொஞ்ச நேரத்தில் கழுத்துக்கு உள்பக்கம் பொடிப் பொடியாக நீர்த்துளி கோத்துக்கொண்டது. ஆகா, வியர்க்கிறது, காய்ச்சல் இறங்குகிறது என்று எனக்கு ஏக மகிழ்ச்சி. துணியை மறுபடி நனைத்துப் போட்டு இன்னும் நன்றாக வீசினேன். பக்கத்து அறையில் அவள் கை கழுவும் சத்தம் கேட்டதும் துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, முக்காலியில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்தேன். செய்த உதவியைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது என் சுபாவம். இதை நான் தினமும் செய்தேன்.

அவள் முறை என்ன தெரியுமா? சாயங்காலம் குடுவையைத் தயார் பண்ணி வைத்துவிட்டு, காலையில் வந்து நம்பரை எழுதுவாள். அது அசையாமல் நிற்கிறதா என்று சாப்பிட்டுவிட்டு வந்ததும் இன்னொரு தடவை பார்த்து எழுதிவிட்டுக் குடுவையைக் கழற்றுவாள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. நான் காவலுக்கு உட்கார்ந்ததிலிருந்து காலை நம்பர் ஒன்று, மத்தியான நம்பர் அதைவிடக் குறைச்சல். அந்த மத்தியான நம்பர் என்ன அநியாயமோ, விற்க வந்தவர்களின் தாளில் இருக்கிற நம்பரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது!

சீக்கிரம் சாருக்குக் கேட்க வேண்டுமா? ஓடி வந்தார். "பாத்தியாம்மா, மத்தியானம் சரியா வருது. அந்த நம்பரையே போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடு. அந்தக் கம்பெனி ஆளும் வெள்ளிக்கிழமை வர்றார். சீக்கிரம் முடிச்சுடலாம்" என்றார்.

"காலையில ஏன் கூட வருதுன்னு தெரியாம எப்படி சார் போடறது?"

"காலையில தப்பா இருக்கும்."

"மத்தியானம் தப்பா இருந்தா?"

"தாள்ல இருக்கறதோட ஒத்துப் போகுதே!"

"அதுக்காகவே எனக்குச் சந்தேகமா இருக்கு சார்."

எவ்வளவு தைரியம் பாருங்கள். உத்தரவு அவர் மேஜையில் கிடக்கிறது. இவள் நிமிர்ந்து நின்று பேசுகிறாள். குரலை உயர்த்தவில்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அவர் போன பிறகுதான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை, என் பையன் ஏதோ கேட்டால் எங்கேயோ பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினாளாம், கருவியைச் சரிபார்த்தாளாம், எங்கேயும் ஓட்டை இல்லையாம்.

சம்பந்தி, நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கை மறந்துவிடவில்லை. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று மறுநாளே ஆரம்பித்தேன். "எதுக்கும்மா இந்தத் தலைவலி? ஒரு நம்பருக்காக உடம்பைக் கெடுத்துக்கணுமா? பேசாம வேலையை விட்டுடேன். உங்க அப்பாவும் நிம்மதியா இருப்பார்" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள்!

அவள் கோபப்படவில்லை. தொட்டியின் சூட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, "நான் விட்டுட்டா அடுத்து வர்றவங்க மத்தியான நம்பரைப் போட்டுடுவாங்க மாமா. டேங்கை நிரப்பிடுவாங்க. கோடையில மூடி திறந்துக்கும். அப்பாவை மாதிரி யாராவது ஒருத்தர் பூட்ஸைப் போட்டுக்கிட்டுச் சாம்பலுக்குள்ள நடந்து வருவார்" என்றாள்.

குடுவைக்காவது ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கைக்குட்டையை அன்றைக்கு இரட்டிப்பாக நனைத்தேன். நம்பர் அன்றைக்கு இன்னும் இறங்கிற்றாம்.

இப்போது அவள் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். அதற்கு அடுத்த நாள், "இன்னிக்கு எனக்குப் பசிக்கல" என்று குடுவை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரே தவிப்பு. காய்ச்சல் வந்து சேருமே, இவள் எழுந்து போக மாட்டாளா என்று நெளிந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மத்தியான நம்பர் இறங்கவே இல்லை, காலையில் இருந்தது அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். குடுவையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, அந்தக் கம்பெனி ஆள் வருகிற நாள். வழக்கம்போலச் சாப்பிடப் போகிறேன் என்று கேரியரைத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் நிம்மதியாகக் கைக்குட்டையை நனைத்துப் போட்டு, பேப்பரால் வீசிக்கொண்டு, பழைய வார்டு ஞாபகத்தில் குடுவையிடம், "அவ்வளவுதான், இப்ப சரியாயிடும், பயப்படாதே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாமா!"

பின்னாலிருந்து குரல். திட்டப் போகிறாள், நியாயம்தானே, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு துணியை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க! வீசுங்க மாமா, நிறுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். நம்பரைப் பார்த்தாள். அது கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துக்குள் துளிகளைப் பார்த்தாள். "இப்ப துணியை எடுங்க" என்றாள். எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் துளிகள் மறைந்தன, நம்பர் ஏறிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நானும் சேர்ந்து அழுதேன், எதற்கென்று தெரியாமலேயே.

பிறகுதான் விளக்கினாள். மூடிய பாத்திரத்தில் மற்ற இடமெல்லாம் எப்படி இருந்தாலும், எங்கே ரொம்பக் குளிர்ச்சியோ அங்கே ஆவி போய்த் துளியாக ஒட்டிக்கொள்ளுமாம். அந்தக் குளிர்ந்த மூலை சொல்கிறதுதான் முழுப் பாத்திரத்துக்கும் நம்பராம். தொட்டி இருபத்தைந்தில் இருக்க, என் ஈரத்துணி உலர உலர அந்த ஒரு கழுத்தை அதற்கும் கீழே குளிர வைத்துவிட்டது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தாலும், ஒரு மூலையில் ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீடு முழுக்க அவர் முகம்தானே? நான் யாரையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

அன்று மூன்று மணிக்குச் சீக்கிரம் சாரும் விற்க வந்தவரும் உள்ளே வந்தார்கள். நான் நழுவப் பார்த்தேன். "மாமா, நீங்கதான் முக்கியம்" என்று என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டாள். கையில் கைக்குட்டை, பேப்பர். "சார், இதுதான் என் நம்பர். மாமா, வீசுங்க." வீசினேன். நம்பர் இறங்கி, அவர்கள் தாளில் அச்சடித்த இடத்துக்கு வந்தது. "நிறுத்துங்க மாமா." நிறுத்தினேன், ஏறிற்று. "வீசுங்க." இறங்கிற்று. சீக்கிரம் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக, "கொஞ்சம் மெதுவா, இன்னொரு தடவை காட்டும்மா" என்றார்! எனக்கு முழங்கை விட்டுப்போயிற்று. ஆனாலும் அவ்வளவு கௌரவமான வேலை நான் சர்வீஸில் இருந்தபோதுகூடச் செய்ததில்லை.

விற்க வந்தவர் மட்டும் விடவில்லை. "எங்க ரூம் இப்படியெல்லாம் இருக்காது மேடம். ஏசி எப்பவும் ஃபுல்லா ஓடும், ஸ்வெட்டர் போடாம உள்ள போகவே முடியாது" என்று பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அவரே நின்றுவிட்டார். கண்ணாடிக் கழுத்தைப் பார்த்தார். என் கைக்குட்டையைப் பார்த்தார். "எங்க மெஷின் ஏசிக்கு நேர் கீழதான் இருக்கு" என்றார், குரல் இறங்கி. உங்கள் மகள் அப்போது ஒரு கிண்டல் வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "உங்க தப்பு மட்டும் இல்ல சார், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எங்க மாமாவுக்கே நடந்துச்சு" என்று ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு எத்தனை கேரியர் வேண்டுமானாலும் நான் சுமப்பேன்.

பழைய டேங்க் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கெட்டி மூடியோடு புது டேங்க் வருகிறது. நிரந்தர உத்தரவில் சீக்கிரம் சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார், அதையும் சீக்கிரமாகத்தான்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, நீங்கள் ஒப்படைத்த காரியத்தில் நான் தோற்றுவிட்டேன். அவளை அந்த அறையை விட்டு வெளியே கொண்டுவர என்னால் முடியவில்லை, இனிமேல் முயற்சி பண்ணவும் மாட்டேன். கொடுத்த வாக்கில் தவறியதற்கு மன்னிக்கவும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் வாழ்நாளெல்லாம் எரிந்த பிறகு போய்ப் பார்த்தவர். ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்தவர். உங்கள் மகள் எரியாமல் இருக்க முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டும் ஒரே வேலைதான், அவள் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டாள். அந்தப் பிடிவாதமும், எவர் சொன்னாலும் தன் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாத குணமும் எங்கள் வீட்டிலிருந்து வந்தவை அல்ல. எங்கள் வீட்டில் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவோம். அது உங்களிடமிருந்து வந்தது. இப்படி ஒரு பெண்ணை எங்களுக்குக் கொடுத்ததற்கு உங்களுக்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அவளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நீங்கள் கிளம்பி வந்து அவளைக் கூட்டிப் போகும் எண்ணத்தை விட்டுவிடவும். வருவதானால் சும்மா விருந்தாளியாக வந்து பத்து நாள் தங்கிப் போகவும். சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள். பையனின் வணக்கங்கள். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், இரவு நன்றாகத் தூங்கி, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்புச் சம்பந்தி.

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் மருமகள் ஒரு செய்தியோடு வந்தாள். மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் சொன்னபடியே மாதம் முடிவதற்குள் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள்! விற்க வந்தாரே, அந்தக் கம்பெனிக்காரர்கள் தாங்கள் இதுவரை அளந்த திரவம் அத்தனையையும் மறுபடி அளந்து கொடுக்கச் சொல்லி, ஆறு மாதத்துக்கு அவளை இவர்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இங்கே ஒரு திரவம், அங்கே அலமாரி அலமாரியாக இருக்கிறதாம். ஒவ்வொன்றும் செருப்பு மாட்டாமல் ஓடுகிற ரகமாம். அவர்கள் இடம் எது தெரியுமா? உங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியுமே, நீலக் கூரைக் கட்டிடம், ஏதோ ஐஸ் கிடங்கு என்று எனக்குக் காட்டினீர்களே, அதுதான். திங்கட்கிழமை அவள் உங்கள் வீட்டுக்கு வந்து இறங்குகிறாள், ஆறு மாதமும் அங்கேயே தங்குவாள். அங்கேயும் சாப்பிடப் போகும்போது குடுவையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். அவளே என்னிடம், "அப்பாகிட்ட கேக்கட்டுமா மாமா? வருவாரா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வருவார் என்று உங்கள் சார்பில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி மத்தியானக் கேரியர் உங்கள் பொறுப்பு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகவும். கைக்குட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும்.